ஓடும் ஒலியைத் தேக்கி வைத்தல்

தொண்ணூறுகளில் வன்னிப் பெருநிலத்திலே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக் கொண்டு வானொலி கேட்டோம். சுழற்றும் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். பழைய மாணவர் பலர் இதனை மறந்திரார். இன்று கைத்தொலைபேசியிலே உலக வானொலிகளெல்லாம் கேட்கின்றன. ஆயினும் சிக்னல் அறுந்தால் ஒலியும் அறுகின்றது. காட்டோரக் கிராமங்களிலிருந்து வரும் எம் மாணவர் இதனை நன்கறிவர்.

ஸ்ட்ரீமிங் எனப்படும் இம்முறையில் ஒலி முழுக்கோப்பாக எம்மிடம் வந்து சேர்வதில்லை. சில விநாடி அளவான துண்டுகளாக வருகின்றது. கருவி அவற்றுட் சிலவற்றை முன்கூட்டி வாங்கி ஒலிக்கச் செய்து, பின் அகற்றிவிடுகின்றது. ஆகவே ஒன்றையே பத்து முறை கேட்பவன் பெரும்பாலும் பத்து முறையும் டேட்டாவுக்குக் காசு கொடுக்கின்றான். பேச்சுக்குப் போதிய 64 கிலோபிற் வேகத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு வேண்டுவது ஏறக்குறைய 29 மெகாபைற்றே. சிக்னல் உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்தால் போதும்.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் காசு அன்று. சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவுப் பகுதி அண்ணாவியார் ஒருவர் பாடிய கோவலன் கூத்துப் பாடல்களை யாரோ ஓர் அன்பர் இணையத்தில் ஏற்றியிருந்தார். உயர்தர வகுப்பு மாணவர் அவற்றைக் கேட்டு வியந்தனர். மறுவருடம் தேடியபோது முகவரி மட்டும் இருந்தது, ஒலி இல்லை. அண்ணாவியாரும் அதற்குள் காலமாகிவிட்டார். 2009 இல் கசற்றுகளையெல்லாம் வழியிலே விட்டுவந்த மக்களுக்கு இது இரண்டாம் இழப்பு. பொத்தானை அழுத்தி இறக்கி வைக்க எமக்கு ஓராண்டு இருந்தது; நாம் செய்திலோம்.

இறக்கும் வழி கடினமன்று. பொட்காஸ்ற் என்பது இறக்கிக் கேட்பதற்கென்றே அமைந்தது. செயலியிலே அதற்கான பொத்தான் உண்டு. கட்டணம் பெறும் இசைச் செயலிகளில் இறக்கியவை அச்செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். சந்தா முடிந்தால் ஒலியும் போகும். இரவல் நூல் போன்றது அது. நேரடி வானொலியைப் பதிய, பாரிஸ் மாணவர் 1996 இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த வீஎல்சி என்னும் இலவச மென்பொருள் உதவும். கணினியில் அதனைத் திறந்து, நிலையத்தின் ஒலி முகவரியை இட்டு, பதிவுப் பொத்தானை அழுத்துக. பதிந்த கோப்புக்குப் பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைச் சூட்டுக. பெயரில்லாக் கோப்பு மறுவருடம் எவருக்கும் விளங்காது. பென்டிரைவில் இன்னொரு பிரதியும் இருத்தல் வேண்டும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். தாமே கேட்பதற்கென வைத்திருப்பது வேறு, பிரதிசெய்து பரப்புவது வேறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியோன் மறைந்து 70 ஆண்டு வரை உரிமை நிலைக்கும். ஊர்க் கலைஞரின் ஒலியாயின் அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்டுச் செய்தலே முறை. இசைவு பெற்றவற்றை, 2005 இல் தொடங்கப்பெற்று ஈழத்து நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் பேணிவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்.

அக்கோவலன் கூத்துப் பாடல்களை வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் எவரேனும் இறக்கி வைத்திருப்பின், கல்லூரித் தமிழ் மன்றத்துக்கு ஒரு பிரதி அனுப்பி உதவுமாறு வேண்டுகின்றோம்.