மெல்பர்னுக்குப் படிக்கப் போகிறீர்களா? துவரம் பருப்பை எங்கே தேடுவது?

மெல்பர்னில் ஒரு பேரங்காடிக்குள் முதல்முறை நுழையும்போது எல்லாமே பழகிய இடம்போலத்தான் இருக்கும். அரிசி இருக்கும், பால் இருக்கும், கோழி இருக்கும். தேக்காவில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் துவரம் பருப்பைத் தேடும்போதுதான் சிக்கல். வெளிநாட்டு உணவு வரிசையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பொட்டலம் கிடக்கும். விலையைப் பார்த்தால், "பருப்புக்கா இவ்வளவு?" என்று கேட்கத் தோன்றும்.

ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருப்போர் பாடத்தவணை நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம்தான் வேலை செய்யலாம். வருமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. வாடகையைக் குறைக்க வழியில்லை. அதனால் சாப்பாட்டில் கை வைக்கிறார்கள். மேகி மீயிலேயே மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள்.

அதற்கு அவசியமே இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டின் அடிப்படை அரிசி, பருப்பு, காய்கறி. எந்த ஊரிலும் மலிவான பொருள்கள் அவை. தெரிந்த பொட்டலத்தை, தெரிந்த பெயரில், பக்கத்திலிருக்கும் ஒரே கடையில் தேடும்போதுதான் பணம் போகிறது.

பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு போகலாமா?

சிங்கப்பூரிலிருந்தே எல்லாவற்றையும் கொண்டுபோனால் மிச்சம் என்று அம்மா சொல்லலாம். ஆனால், ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்பு விதிமுறைகள் மிகக் கடுமையானவை. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி எதையும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. இறைச்சிக்கும் பாலில் செய்த இனிப்புகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. தீபாவளிக்கு வீட்டிலிருந்து பால்கோவாவை அஞ்சலில் அனுப்பினாலும் இதே கதைதான்.

மசாலாத் தூள் கொண்டுபோகலாமா? கடையில் வாங்கி, பெயர் ஒட்டி, பிரிக்காமல் இருக்கும் தூள் என்றால் அதிகாரிகள் பார்த்துவிட்டு விட வாய்ப்பு அதிகம். பாட்டி வீட்டில் திரித்துக் கொடுத்த தூளில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் பயணி அட்டையில் உணவு இருப்பதாகக் குறிப்பிட்டுவிடுங்கள். குறிப்பிட்டால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளி வரை போகலாம். விசாவே ரத்தாகலாம். 2019ஆம் ஆண்டு சிட்னி விமான நிலையத்தில், உணவு கொண்டுவந்ததைச் சொல்லாத ஒரு பயணியின் விசா ரத்தாகி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். பிறகு அந்த விதி மாணவர் விசாவுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு பை மசாலாவுக்காகப் படிப்பைப் பணயம் வைக்க வேண்டாமே!

பெயர் மாறினால் விலையும் மாறும்

சிங்கப்பூரில் நீங்கள் 'பிரிஞ்சல்' என்று சொல்வது அங்கே 'எக்பிளான்ட்'. 'லேடிஸ் ஃபிங்கர்' கேட்டால் விழிப்பார்கள். 'ஓக்ரா' என்று கேளுங்கள். 'லாங் பீன்ஸ்' அங்கே 'ஸ்நேக் பீன்ஸ்'.

ரவை வேண்டுமா? வெளிநாட்டு உணவு வரிசைக்குப் போகாமல் கேக் மாவு வைத்திருக்கும் இடத்தில் 'செமோலினா' என்று தேடிப் பாருங்கள். உப்புமா செய்ய அது தாராளமாகப் போதும். மைசூர்ப் பருப்பு 'ரெட் லென்டில்ஸ்' என்ற பெயரில் சூப்புக்குப் போடும் பருப்புகளோடு இருக்கும். அது சீக்கிரம் வேகும், குக்கரும் தேவையில்லை. சாம்பாருக்குத் துவரம் பருப்பின் ருசி வராதுதான். ஆனால், வகுப்பு முடிந்து அலுத்து வரும் புதன்கிழமை இரவுக்கு அந்த ருசி போதும்.

இந்தியக் கடைகளில் பெரும்பாலும் இந்திப் பெயர்தான் எழுதியிருக்கும். துவரம் பருப்பு 'தூர் தால்' அல்லது 'அர்ஹர்'. உளுந்து 'உரத்'. பாசிப்பருப்பு 'மூங்'. கடலைப்பருப்பு 'சன்னா தால்'. தோல் உரித்த பருப்புகள் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். தோசைக்கு மாவு அரைக்கப் போகிறவர்கள் பெயரை நன்றாகப் பார்த்து வாங்குவது நல்லது.

நல்லெண்ணெயில் இன்னும் கவனம் தேவை. பேரங்காடியில் சின்னப் புட்டியில் இருக்கும் கறுத்த எள்ளெண்ணெய் பெரும்பாலும் வறுத்த எள்ளில் எடுத்தது. சீனச் சமையலுக்கு அருமை. இட்லிப் பொடியில் ஊற்றினால் இட்லி வேறு ஏதோ ஆகிவிடும்.

விலைச்சீட்டில் சின்ன எழுத்தைப் படியுங்கள்

ஆஸ்திரேலியாவில் பெரிய பேரங்காடிகள் ஒவ்வொரு பொருளுக்கும் அலகு விலையைக் காட்ட வேண்டும். 2009ஆம் ஆண்டிலிருந்து அது கட்டாயம். அதாவது, 100 கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்பது விலைச்சீட்டின் ஓரத்தில் சின்னதாக இருக்கும். கடுகு, சீரகம் இருக்கும் கண்ணாடிப் புட்டிகளின் அலகு விலையை ஒருமுறை பாருங்கள். பிறகு அவற்றை அங்கே வாங்கவே மாட்டீர்கள்.

சின்ன இந்தியக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைப்பேசியில் நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: அரைக்கிலோ பருப்பு 4 வெள்ளி, 2 கிலோ பை 9 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவது கிலோ 8 வெள்ளி. இரண்டாவது நாலரை வெள்ளி. ஏறக்குறையப் பாதி!

அதற்காக எல்லாவற்றையும் பெரிய பையாக வாங்க வேண்டாம். பருப்பும் அரிசியும் தாங்கும். 10 கிலோ பொன்னி அரிசியை அறைத்தோழர்களுடன் பங்குபோட்டுக்கொள்ளலாம். மசாலாத் தூள் அப்படியில்லை. ஒரு கிலோ மல்லித் தூளை ஒற்றை ஆளாக முடிப்பதற்குள் அதன் மணம் போய்விடும்.

வரியையும் மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் உணவு உட்பட எல்லாவற்றுக்கும் 9 விழுக்காடு பொருள், சேவை வரி கட்டிப் பழகியிருப்பீர்கள். அங்கே வரி 10 விழுக்காடு. ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி, பால் போன்ற அடிப்படை உணவுக்கு அது கிடையாது. முறுக்கு, மிக்சர், சிப்ஸ், பிஸ்கட்டுக்கு உண்டு. இந்தியக் கடைக்குப் போய்ப் பருப்பைவிட மிக்சர் அதிகமாக வாங்கி வருவோர் கவனிக்க!

எந்தக் கடைக்கு எப்போது?

கிளேட்டன், ஸ்பிரிங்வேல், டாண்டினாங் மூன்றும் ஒரே ரயில் பாதையில் வரும். மோனாஷ் பல்கலைக்கழக மாணவர்களுக்கு கிளேட்டனில் இந்தியக் கடைகள் கிட்டத்திலேயே இருக்கின்றன. ஸ்பிரிங்வேலில் வியட்னாமியக் கடைகள் ஏராளம். கீரை, மிளகாய், மீன் வாங்க அது நல்ல இடம். டாண்டினாங்கின் ஃபாஸ்டர் ஸ்திரீட்டுக்கு 'லிட்டில் இந்தியா' என்றே பெயர். நகரத்தில் தங்குவோருக்கு ஃபுட்ஸ்க்ரே பக்கம்.

ரயில் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 வெள்ளி மிச்சம் பிடிக்க அதைவிட அதிகம் கொடுத்துப் பயணம் செய்வதில் அர்த்தமில்லை. நாள் முழுவதற்குமான உச்சக் கட்டணம் வாரநாளைவிட வாரயிறுதியில் குறைவு. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பருப்பு, மசாலா, எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். பால், முட்டை, வெங்காயம் பக்கத்துப் பேரங்காடியில் போதும். அங்கே தள்ளுபடிகள் புதன்கிழமை தோறும் மாறும்.

அந்தப் பயணத்தில் கறிவேப்பிலையைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் பல வாரம் தாங்கும். நிறம் கறுத்தாலும் தாளிக்கும்போது வாசம் வரும். துருவிய தேங்காய் உறைந்த பொட்டலமாகவே கிடைக்கிறது. வெண்டைக்காயும் அப்படிக் கிடைக்கும். குளிர்காலத்தில் அதுதான் கட்டுப்படியாகும்.

அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அப்போது புது வெண்டைக்காயின் விலை ஏறிவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கீரை நன்றாக விளையும். பருவத்துக்கு ஏற்பச் சமைத்தாலே பாதிச் சேமிப்பு வந்துவிடும். ஜூலையில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பணப்பை தாங்காது.

குவீன் விக்டோரியா சந்தை 1878ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. திங்களும் புதனும் அது மூடியிருக்கும். வாரயிறுதியில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் காய்கறிக்காரர்கள் மிஞ்சியதைக் கூறுகட்டி, சத்தம் போட்டு விற்பார்கள். ஒரு கூறு தக்காளி ஒருவருக்கு மிக அதிகம். இரண்டு பேராகப் போங்கள்.

அங்கே மீன் கடைகளையும் எட்டிப் பாருங்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு வேண்டியது முள்ளில்லாத துண்டுகள்தான். அதனால் சால்மன் தலையும் ஸ்நேப்பர் தலையும் சதைத் துண்டைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மீன் தலைக் கறி தெரிந்த சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தள்ளுபடி கிடையாது!

மைலோவைப் பற்றி ஒரு வார்த்தை. அது 1934ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில்தான் உருவானது. ஆனால் அங்கே விற்கும் மைலோவின் சுவை வேறு. நம் ஊர்த் தூள்போல எளிதில் கரையாது. மலேசியாவில் தயாரித்தது ஆசியக் கடைகளில் இருக்கும், விலை கூடுதல். அதற்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.