கூறியது கூறல் குற்றமன்று

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் 'கூறியது கூறல்' ஒன்று என்பது நன்னூல் கற்றார் யாவரும் அறிந்தது. ஒரே செய்தியை இருமுறை எழுதிய மாணாக்கரின் கட்டுரைகளில் எத்தனையோ முறை சிவப்பு மையாற் கோடிட்டிருக்கின்றேன். அக்குற்றமே ஓரிடத்தில் உயிர்காக்கும் குணமாதலும் உண்டு என்பதை அறிய எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அதனை எனக்குக் கற்பித்தவன் என்னிடம் இலக்கணம் பயின்ற மாணாக்கன் ஒருவன். கற்ற இடம் மட்டக்களப்பு வாவிக்கரை.

அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லல் வேண்டும். என் அன்னையார் நீரிழிவு நோயால் வருந்துபவர். இன்சுலின் அளவை மாற்றியமைத்த வைத்தியர், "காலையில் இருபது, மாலையில் எட்டு" என்று தொலைபேசியிற் கூறினார். அது மாரிகாலம், மழை கூரையை அறைந்துகொண்டிருந்தது. என் செவியில் மாலையில் இருபது என்றே விழுந்தது. "சரி ஐயா" என்று கூறி வைத்துவிட்டேன். அன்று பின்னிரவில் அன்னையார் உடல் முழுதும் வியர்த்து, அழைத்தும் விழியாது கிடந்தார். அயல்வீட்டார் ஓடிவந்து முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றமையாற் பிழைத்தார். காலை, மாலை என்னும் சொற்களிடையே உள்ள வேறுபாடு ஓரெழுத்தேயாகும். அத்தகைய வேறுபாடுகளை வகுப்பறையில் விரித்துரைப்பவன் யான். அவ்வோரெழுத்தால் அன்னையை இழக்க இருந்தவனும் யானே.

சில திங்கள் கழிந்தபின், இரத்மலானையில் விமானம் ஓட்டப் பயிலும் அம்மாணாக்கன் விடுமுறையில் வந்திருந்தான். மாலையொன்றில் இருவரும் வாவிக்கரையில் நின்றோம். எதிரே திமிலைதீவு. அங்கேதான் எங்கள் விமான நிலையம் உள்ளது. 1958இல் அமைக்கப்பெற்று, 1983இல் விமானப்படையின் வசமாகி, 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் குடியியல் விமான நிலையமாக மீண்டது அது. என் அன்னையாரின் நிகழ்ச்சியை அவனிடம் கூறினேன்.

"ஐயா, வைத்தியர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொன்னீர்களா?" என்று கேட்டான்.

"இல்லைத் தம்பி. சரி என்றேன்."

"எங்களுக்குச் சரி என்று மட்டும் சொல்ல அனுமதியில்லை, ஐயா."

விமானிகளின் வானொலிப் பேச்சு முறையை அவன் அன்று விளக்கினான். விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் பொதுவான அலைவரிசையில் ஒரு வேளையில் ஒருவரே பேசலாம். பொத்தானை அழுத்திப் பேசுகின்றவன் அவ்வேளையிற் பிறர் கூற்றைக் கேளான். இருவர் ஒருங்கே பேசின் இருவர் சொல்லும் சிதைந்து கீச்சொலியாய் முடியும். ஆகவே, பேசுமுன் கேட்டல் முதல் விதி. இதனைக் கேட்டபோது, கல்லடிப் பாலத்தின் அருகே நிலவிரவுகளில் துடுப்பின் ஒருமுனையை நீருள் இட்டு, மறுமுனையைச் செவியில் வைத்து, மீனிசைக்குக் காத்திருக்கும் எம்மூர்த் தோணிக்காரரை நினைந்தேன்.

அழைக்கப்படுவோர் பெயர் முன்னும், அழைப்போர் பெயர் பின்னும் வருதல் அடுத்த விதி. வேண்டுகோள் அவற்றின் பின்னரே வரும். மூன்றாவது விதியே என்னைத் தைத்தது. ஓடுபாதை, பறக்கும் உயரம், செல்லும் திசை முதலியன பற்றிக் கோபுரம் பணித்தால் விமானி அதனைத் திருப்பிக் கூறல் வேண்டும். கோபுரத்தார் அதனை உற்றுக் கேட்டு, பிழையிருப்பின் அப்பொழுதே திருத்தல் வேண்டும். 'ரொஜர்' என்னும் சொல் 'நீர் கூறியது முழுதும் என்னை எட்டியது' என்ற அளவில் நிற்கும். 'அறிந்தேன், அவ்வாறே செய்வேன்' என்பதற்கு 'வில்கோ' என்னும் வேறு சொல் உண்டு. அன்று யான் கூறிய 'சரி' இவ்விரண்டனுள் எது? இரண்டும் அன்று. 'கேட்டதாக எண்ணுகின்றேன்' என்பதே அதன் உண்மைப் பொருள்.

எழுத்து மயக்கத்துக்கும் அவர்கள் காப்புச் செய்துள்ளனர். மட்டக்களப்பு விமான நிலையத்தின் சர்வதேசக் குறியீடு வி, சி, சி, பி என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளால் ஆயது. இரைச்சலின் நடுவே இவை ஒன்றுபோலவே ஒலிக்கும். 'விக்டர், சார்லி, சார்லி, பிராவோ' என்று கூறின் ஐயமில்லை. எழுத்துக்கு ஒரு சொல்லாக அமைந்த இவ்வரிசை 1956ஆம் ஆண்டு மார்ச்சு முதலாந் திகதி உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. எண்களுக்கும் இத்தகைய காப்பு உண்டு. ஐந்தையும் ஒன்பதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஐகார ஒலியை நடுவிற் கொண்டவை. ஆதலின் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் ஒலிப்பர். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்னும் மயக்கத்துக்கும் இடமின்றி, செல்லும் திசை முதலியவற்றின் இலக்கங்களைத் தனித்தனியே கூறுவர்.

இத்தனை கட்டுப்பாடு வேண்டுமோ என்று வினவுவார்க்கு 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் விடை கூறும். கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீஃபேயில், பனிப்புகார் மூடிய ஓடுபாதையில், டச்சு விமானமொன்றும் அமெரிக்க விமானமொன்றும் மோதி 583 பேர் மாண்டனர். மேலெழுதல் பற்றி டச்சு விமானத்திலிருந்து வந்த கூற்று இருபொருள்பட அமைந்தது. கோபுரம் முதற்கண் உடன்பாடு போன்ற ஒரு சொல்லைக் கூறிப் பின் காத்திருக்குமாறு பணித்தது. அதே நொடியில், தாம் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாக அமெரிக்க விமானத்தார் கூறினர். இரு பேச்சும் ஒன்றன்மேலொன்று விழுந்து கீச்சொலியாயின. அதன்பின், 'மேலெழுதல்' என்னும் சொல்லை மேலெழ அனுமதி வழங்கும்போதும், அதனை மீட்கும்போதும் அன்றி வழங்கலாகாது என்பது விதியாயிற்று. பிறவிடங்களிற் 'புறப்பாடு' என்னும் பொருளுடைய சொல்லையே ஆள்வர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் வரையறையின் விலை அத்தனை உயிர்கள்.

பேராபத்தில் விமானி 'மேடே' என்று மும்முறை கூறுவான். 'எனக்கு உதவுக' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து, 1920களில், லண்டனை அடுத்த குரொய்டன் விமான நிலையத்து வானொலி அலுவலர் பிரெடெரிக் மொக்ஃபோர்ட் என்பவர் ஆக்கிய சொல் அது. 1927இல் வாஷிங்டனிற் கூடிய சர்வதேச மாநாடு அதனை ஏற்றது. மும்முறை ஏன்? முதலது இரைச்சலில் மறைந்தாலும் அடுத்தது எட்டும். வேறொரு சொல்லென மயங்குதற்கும் இடமிராது. அச்சம், விரைவு முதலிய பொருள்பற்றி ஒரு சொல் அடுக்கி வரலாம் என்று நன்னூலாரும் விதித்தாரன்றோ? கூறியது கூறலைக் குற்றமென்றவரே அடுக்குத்தொடருக்கு இடமும் தந்தார்.

இம்மும்முறையின் அருமையை எங்கள் தீவின் வரலாறும் காட்டும். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள், கொக்கலை வாவியிலிருந்து எழுந்த கற்றலினா விமானமொன்றிற் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டார். தந்திக் குறிகளால் அச்செய்தியை மும்முறை அனுப்புதல் முறை. மூன்றாம் முறை பாதியில் நிற்கையிற் குண்டு பாய்ந்து வானொலிக் கருவி சிதைந்தது. விமானம் வீழ்ந்தது, உயிர்பிழைத்தோர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி சென்று சேர்ந்தமையால், மறுநாட் காலை குண்டுமாரி பொழியுமுன்னரே கொழும்பு எச்சரிக்கை பெற்றிருந்தது. ஏப்பிரல் 9ஆம் நாள் அதே படை எங்கள் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது. காவலுக்கு ஒரு விமானமுமின்றி நின்ற அக்கப்பலோடு முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் உடல் இன்றும் எம் கடலடியிற் கிடக்கின்றது.

இருள் கவிந்தது. மாணாக்கன் விடைபெறும்போது, "நாளைக் காலை ஆறரைக்கு எனக்குப் பேருந்து, ஐயா" என்றான். "நாளை; காலை; ஆறரை" என்று திருப்பிக் கூறினேன். அவன் சிரித்தான், யான் சிரிக்கவில்லை.

அடுத்த முறை வைத்தியர் தொலைபேசியில் அளவைச் சொன்னபோது, அவர் கூறியதை எழுத்துப் பிசகாமல் திருப்பிக் கூறினேன். அவர் சற்றுத் திகைத்து, "சரியாகத்தானே கேட்டிருக்கிறீர்கள், பண்டிதர்?" என்றார். அதற்கடுத்த முறை அளவைக் கூறிவிட்டு மௌனமாயிருந்தார். இணைப்பு அறுந்ததோ என்று ஐயுற்றேன்.

"இப்பொழுது நீங்கள் சொல்லுங்கள்" என்றார் வைத்தியர்.