வேலி தாண்டியதா? மார்பகப் புற்றில் எல்லை காட்டும் சாயங்கள்

பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்மவர்கள் தேடுவது ‘கான்சர்’ என்ற ஒரு சொல்லைத்தான். அதன் பக்கத்திலேயே ‘இன் சைட்டு’ என்றோ ‘இன்வேசிவ்’ என்றோ இன்னொரு சொல் இருக்கும். அதை அவ்வளவாக யாரும் கவனிக்கிறதில்லை. முதலாவது, கெட்ட செல்கள் பால்நாளத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன என்று சொல்கிறது. இரண்டாவது, அவை வெளியே ஊடுருவிவிட்டன என்கிறது. அக்குள் நெறிக்கட்டியை எடுத்துப் பார்ப்பதா, கீமோதெரபி வேண்டுமா என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சொல்லைப் பொறுத்தே அமையும்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பால்நாளத்தின் சுவர் இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் இருப்பவற்றுக்கு மயோஎபிதீலியல் செல்கள் என்று பெயர். பாதி தோல், பாதி தசை என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தை வாய் வைத்ததும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வந்து இவற்றைச் சுருக்குவதால்தான் பால் பீச்சிக்கொண்டு வருகிறது. அதற்கும் வெளியே அடிச்சவ்வு என்ற மெல்லிய படலம். ஆக, வேலி ஒன்று, அதைச் சுற்றி வரப்பு ஒன்று. பொதுவாகப் புற்று உள்ளே இருக்கும்வரை வேலி சுற்றி நிற்கும்; ஊடுருவிய இடத்தில் வேலி இருக்காது.

வழக்கமான ஊதா, ரோஸ் சாயத்தில் இந்தச் செல்கள் சப்பையாக அமுங்கிக் கிடந்து பல சமயம் கண்ணுக்கே படாது. அதனால் குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியில் நிறத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டலாம் என்று ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் காட்டியது 1941-இல். (நம் பரேலில் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி திறந்ததும் அதே வருஷம்தான்.) இன்று லேபில் பெரும்பாலும் தெரிவது பழுப்பு நிறம்.

வேலியைக் காட்டும் சாயங்களில் பி-63 செல்லின் உட்கருவைப் பழுப்பாக்கும். கால்போனின், ஸ்மூத் மசிள் மயோசின் இரண்டும் செல்லின் உடலில் படியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. பி-63 உட்கருவில் மட்டும் விழுவதால் வேலி புள்ளி புள்ளியாக, நடுவில் இடைவெளி விட்டதுபோலத் தெரியும். ஆக்டின் என்ற பழைய சாயமோ ரத்தக்குழாய்ச் சுவரையும் தழும்புத் திசுவின் செல்களையும் சேர்த்துப் பழுப்பாக்கிவிடும். இல்லாத வேலி இருப்பதுபோல ஏமாற்றும். ஒரே பொருளைப் பல கோணத்தில் பார்த்தபிறகே பேச வேண்டும் என்பதை எங்கள் சமணத்தில் அநேகாந்தம் என்போம். பத்தாலஜி டாக்டர்கள் அந்தப் பெயர் தெரியாமலே அதைக் கடைப்பிடிக்கிறார்கள்: ஒன்றை நம்பாமல் இரண்டு மூன்று சாயங்களைச் சேர்த்துப் போடுகிறார்கள்.

இதுவரை சொன்னது சாதாரண வகைகளுக்கு. அபூர்வமான சில வகைகளில் கணக்கு மாறிவிடுகிறது. பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருவது ‘என்கேப்சுலேட்டட் பாப்பிலரி கார்சினோமா’. கெட்டியான நார் உறைக்குள், பாசிபோலக் கிளைத்து வளரும் கட்டி. நாளத்துக்குள் அடைபட்ட புற்று என்றே இதை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தகைய 22 கட்டிகளின் ஓரத்தை ஐந்து விதச் சாயமிட்டுப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வேலி இல்லை! அப்படின்னா எல்லாமே ஊடுருவிய புற்றா? பின்னால் அடிச்சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனைத் தேடியபோது அது பெரும்பாலும் இருந்தது. வேலி போயிருந்தது, வரப்பு இருந்தது. நோயாளிகளும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தார்கள். அதனால் உறையைத் தாண்டாதவரை இதை ‘இன் சைட்டு’ போலவே கணக்கிட வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட வழக்கம். உறையைத் தாண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் அளந்து எழுதுவார்கள். செல்கள் மிகவும் மூர்க்கமான தோற்றத்தில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல். பயாப்ஸி ஊசியே போகிற வழியில் சில செல்களை உறைக்குள்ளும் வெளியிலும் இழுத்துவிட்டுவிடும். பார்ப்பதற்கு ஊடுருவல் மாதிரியே இருக்கும். பக்கத்தில் பழைய ரத்தக்கசிவின் கறை, ஊசித்தடத்தின் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிகிறார்கள்.

நேர்மாறானவையும் உண்டு. மைக்ரோகிளாண்டுலர் அடினோசிஸ் என்பது புற்றே இல்லை. ஆனாலும் வேலி கிடையாது, சவ்வு மட்டும் இருக்கும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா ஊடுருவும் புற்று. ஆனால் கட்டியே இரண்டு வகைச் செல்களால் ஆனதால் அதிலும் பி-63 பழுப்பாக விழும். ரிப்போர்ட்டில் ‘பி-63 இல்லை’ என்ற வரியை மட்டும் படித்துவிட்டு வீட்டில் அழுகிறவர்களும், ‘இருக்கிறது’ என்று நிம்மதி அடைகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊசியில் வருவது நூல்போன்ற ஒரு துண்டு. பாப்பிலரி கட்டியில் பார்க்க வேண்டியதோ ஓரம். அந்தத் துண்டில் ஓரம் வராமலே போகலாம். ஆகவே ‘பாப்பிலரி’ என்ற சொல் ரிப்போர்ட்டில் இருந்தால், ஊடுருவல் உண்டா என்ற முடிவு முழுக் கட்டியையும் எடுத்துப் பார்த்தபிறகே உறுதியாகும். என்னென்ன சாயம் போட்டார்கள், ஓரம் கிடைத்ததா, உறை முழுசாக இருக்கிறதா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். கேட்பதால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துப்போனால் போதாது. கண்ணாடிச் சிலைடுகளோடு, திசு பதித்த மெழுகுக் கட்டையையும் லேபில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். புதுச் சாயம் போட அந்தக் கட்டையிலிருந்துதான் மறுபடி சீவ முடியும். ஊரிலிருந்து ரயிலில் மும்பைக்குக் கொண்டுவருகிறவர்கள் அதை வெயில் படாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் மெழுகு இளகும்.