வட்டு மாறினாலும் விண்டோஸ் மாற வேண்டாம்

மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்கு எடுத்துப்போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஹார்ட் டிஸ்க் மாத்தணும், விண்டோஸ் புதுசா போடணும்." இரண்டாவது பாதியைக் கேட்டதும் பலர் தயங்கிவிடுகிறார்கள். கணக்கு மென்பொருள், அச்சுப்பொறி, தமிழ் எழுத்துருக்கள் என்று ஒவ்வொன்றாக மறுபடியும் யார் போடுவது? அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை. வட்டை மட்டும் மாற்றலாம். விண்டோஸ் இருந்தபடியே கூட வரும்.

மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் வட்டுதான். சாதாரண மடிக்கணினி வட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகர்வதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி. இந்தக் கணக்கில், சிதறிக் கிடக்கும் துண்டுகளை வினாடிக்கு அறுபது முறைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். அதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. ஒரு துண்டு பத்தில் ஒரு மில்லிவினாடியில் வந்துவிடும்.

இந்த இரண்டு வகை வட்டுமே மலேசியாவின் ஜொகூருக்கு நெருக்கமான சங்கதி. வன்வட்டுக்கான அடித்தட்டுகளை சீகேட் நிறுவனம் அங்குள்ள செனாயில் தயாரிக்கிறது. அவற்றுக்குக் காந்தப் பூச்சு ஏறுவது கடற்பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளை மைக்ரான் நிறுவனம் உருவாக்குவதும் அதே உட்லண்ட்ஸில்தான்; அதற்கு மூவாரிலும் ஓர் ஆலை உண்டு. செனாயிலிருந்து புறப்படும் தட்டுகளில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடில்லை. அவற்றின்மேல் பிறகு எழுதப்படும் பிட்டுகளின் வரிசைதான் ஒரு வட்டை உங்கள் வட்டாக்குகிறது. அந்த வரிசையைப் பிசகாமல் இன்னொன்றில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இதைத்தான் குளோன் செய்வது என்கிறோம். நியூசிலாந்தின் மர்ரே ஹசார்ட் எழுதி, 1998இல் சிமன்டெக் வாங்கிய 'கோஸ்ட்' மென்பொருள் இந்த வேலையை உலகெங்கும் பழுதுபார்ப்பவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. இன்று தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவான 'குளோன்சில்லா' இலவசமாகவே கிடைக்கிறது.

கோப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கணினியை எழுப்பும் நிரல் தனியே ஒரு சிறு பிரிவில் இருக்கிறது. சி டிரைவைத் திறந்து பார்த்தால் அது தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் முக்கியமான கோப்புகளைப் பூட்டியும் வைத்திருக்கும். அதனால் குளோன் மென்பொருள்கள் அந்தக் கணத்தின் நிலையை உறையவைத்து அந்தப் பிம்பத்தைப் படிக்கின்றன, அல்லது குளோன்சில்லாவைப் போல யுஎஸ்பியிலிருந்து தாமே எழுந்து, விண்டோஸ் ஓடாதபோது படிக்கின்றன. புதிய வட்டை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, 500 ஜிபியை வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் முழுமையாகப் படித்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு வட்டுக்கும் அதன் பிரிவுகளுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. எந்தப் பிரிவிலிருந்து எழுவது என்பதை விண்டோஸ் அந்த அடையாளத்தை வைத்துத்தான் அறிகிறது. அச்சுப் பிசகாத நகலில் அந்த அடையாளமும் அப்படியே வரும். ஒரே மைகார்டு அடையாள அட்டை எண்ணோடு இருவர் வந்து நின்றதுபோல் விண்டோஸ் குழம்பி, ஒன்றை ஒதுக்கிவிடும். ஆகவே குளோன் முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் மாட்டி முதன்முறை எழுப்ப வேண்டும். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் போட்டிருந்தால், தொடங்கும் முன்பே அதன் 48 இலக்க மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது முக்கியமாகத் தாய்ப்பலகையைச் சார்ந்தது, தாய்ப்பலகைதான் மாறவில்லையே.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பழைய வட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போட்டாலோ, கோப்புகள் திறக்காமல் அடிக்கடி திணறினாலோ, உடனே குளோன் செய்யாதீர்கள். குளோன் என்பது வட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இடைவிடாமல் படிப்பது. நோயுற்ற வட்டு அந்தப் பளுவிலேயே செத்துவிடக்கூடும். சாதாரண மென்பொருள் கெட்டுப்போன ஓரிடத்தில் நின்று திரும்பத் திரும்ப முட்டும். சத்தமில்லாமல் திணறல் மட்டும் இருந்தால், முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுங்கள். பிறகு 'டிடிரெஸ்க்யூ' போன்ற கருவியால் முயலலாம். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து அவற்றைத் தொடும். வட்டு சத்தம் போட்டால் இவை எதையும் முயலாமல், தரவு மீட்பவரிடம் கொடுப்பதே நல்லது.

குளோன் எதையும் வடிகட்டாது. வைரஸும் வரும், பழைய கோளாறுகளும் வரும். விண்டோஸே சீர்குலைந்திருந்தால் புதிதாகப் போடுவதுதான் சரி.

கழற்றிய வட்டை இரண்டு வாரமாவது தொடாமல் வைத்திருங்கள். எதையோ காணோம் என்று தேட நேர்ந்தால் அது உதவும். அதன்பின் ஓர் உறையில் போட்டுக் காப்பு வட்டாக்கலாம். யாருக்காவது கொடுப்பதானால் விரைவு ஃபார்மேட் போதாது, அது அட்டவணையை மட்டும்தான் அழிக்கும்; வட்டு முழுவதும் ஒருமுறை மேலெழுதிவிட்டுக் கொடுங்கள். தூக்கிப் போடுவதானாலும் வீட்டுக் குப்பையில் வேண்டாம். 2005ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, மலேசியாவில் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. அதை உரிமம் பெற்ற சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.