படம் பிடித்த பின் செய்ய வேண்டிய வேலை

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்குரிய காலண்டர் மாதிரிகள் ஆல்பங்களாக வெளிவருவது வழக்கம் என்பதை நம் மாவட்டத்தார் யாவரும் அறிவர். அதன் பின் அச்சகங்களுக்கு ஓய்வு ஏது? ஆகையால் சேலைப் படப் புத்தகம் அச்சிட விரும்பும் சங்கம் எதுவாயினும், படங்களை அந்நாளுக்கு முன்பே செப்பனிட்டுக் கொடுத்துவிடுவது நலம். படம் பிடிப்பது ஒரு நாள் வேலை. அதைச் செப்பனிடுவதில்தான் காலமும் பொருளும் வீணாகின்றன என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

சென்ற முறை நூற்றிருபது சேலைகளை, ஒவ்வொன்றுக்கும் நான்காக, நானூற்றெண்பது படங்கள் பிடித்தோம். இரு அங்கத்தினர்கள் எட்டு இரவுகள் கணினி முன் அமர்ந்து, ஒவ்வொரு படத்தையும் கண் மதிப்பாகத் திருத்தினர். விளைவு என்ன? ஒரே அரக்குச் சேலை ஒரு பக்கத்தில் செங்கல் நிறமாகவும் மற்றொரு பக்கத்தில் கத்தரிப்பூ நிறமாகவும் அச்சாயிற்று. படத்தை நம்பித் தருவித்த வெளியூர்க் கடைக்காரர் கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். அக்கட்டில் இருந்தது எட்டுத் தறிகளின் பல வார உழைப்பு. அச்சகத்தார் மீது பிழையில்லை. நாம் கொடுத்ததையே அவர்கள் அச்சிட்டனர்.

சிவகாசியின் பழைய புகழுக்கும் நம் தேவைக்கும் இங்கே ஒரு வேற்றுமை உண்டு. 1923-இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கு முகப்புத் தாள்கள் தேவைப்பட்டன. அத்தேவையை ஒட்டியே அங்கு வண்ண அச்சும் வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களில் வீடுதோறும் சென்றன. முருகனின் மயில் இன்ன நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. நம் சேலையோ வாங்குபவர் கைக்கே வந்து சேர்கிறது. அவர் படத்தையும் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

நிறம் மாறியதன் காரணத்தைப் பின்னரே அறிந்தோம். வெளிச்சத்தின் நிறத்தைத் தானாகவே கணித்துக்கொள்ளும்படி காமிராவை விட்டிருந்தோம். படம் முழுவதும் சிவப்புச் சேலை நிறைந்திருந்தால், வெளிச்சமே சிவப்பென்று கருதி அது எதிர் நிறத்தைக் கூட்டிவிடும். அடுத்து மஞ்சள் சேலை வந்தால் வேறு கணக்குப் போடும். போதாததற்கு ஜன்னல் வெளிச்சமும் குழல் விளக்கும் கலந்திருந்தன.

இம்முறை குழல் விளக்கை அணைத்துவிட்டோம். முதல் படத்தில் சேலையோடு ஒரு சாம்பல் நிற அட்டையையும் வைத்துப் பிடித்தோம். புகைப்படக் கடைகளில் இதற்கென்றே அவ்வட்டை கிடைக்கிறது. மேகம் மூடி வெளிச்சம் மாறியபோதெல்லாம் மறுபடி அட்டையை வைத்தோம். படங்களை 'ரா' என்னும் மூல வடிவில் சேமித்தோம். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு மூல நிறத்துக்கும் 256 படிகளே உண்டு; 14 பிட் மூலப் படத்தில் 16,384 படிகள் உண்டு. ஜரிகையின் பளபளப்பைச் சற்றுத் தணிக்க வேண்டியிருந்தால் இவ்வேற்றுமை நன்கு புலப்படும்.

வீடு திரும்பியதும் முதல் வேலை, படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வைப்பது. அதற்கு முன் காமிராவின் அட்டையிலிருந்து எதையும் அழிக்கலாகாது. அடுத்தது களையெடுப்பு. நாற்று நட்டபின் களையைப் பிடுங்காமல் உரமிடுபவர் உண்டோ? நாம் சென்ற முறை அதைத்தான் செய்தோம். கழிக்க வேண்டிய படங்களையும் உட்கார்ந்து திருத்தினோம்! இப்போது முதல் சுற்றில் தெளிவற்றவை, மடிப்புக் கலைந்தவை ஆகியவற்றை மட்டும், படத்துக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நில்லாமல் ஒதுக்கினோம். இரண்டாம் சுற்றில் ஒரு சேலைக்கு ஒரு படம் என்று தேர்ந்தோம். ஒரு மாலைப் பொழுதில் நானூற்றுச் சொச்சம் நூற்றிருபதாயிற்று.

பிறகுதான் நிறத் திருத்தம். லைட்ரூம் போன்ற விலைக்குரிய மென்பொருளும் உண்டு. டார்க்டேபிள் இலவசமாகவே கிடைக்கிறது. சங்கத்தின் பணம் என்பதால் நாம் பின்னதையே கொண்டோம். இவை மூலப் படத்தைத் தொடுவதில்லை. திருத்தக் குறிப்பைத் தனியே எழுதி வைக்கின்றன. எனவே அட்டையுள்ள படத்தில் சாம்பல் நிறத்தைச் சுட்டிக் காட்டிச் சரிசெய்தபின், அதே வெளிச்சத்தில் எடுத்த நாற்பது படங்களுக்கும் அக்குறிப்பை ஒரே சமயத்தில் படியெடுத்துவிடலாம். தனித்தனியே கவனிக்க வேண்டியவை வெட்டும் சாய்வும் மட்டுமே.

அளவைப் பற்றி வீண் கவலை வேண்டாம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது பொது வழக்கு. 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட படம் 20 அங்குல அகலம் வரை தாங்கும். புத்தகத்தில் 5 அங்குலப் படத்துக்கு 1500 புள்ளிகளே போதும். நல்ல கைப்பேசிப் படமும் இதற்கு ஈடுகொடுக்கும்.

விளைபொருள் விற்கும் அங்கத்தினர்க்கும் இவை பொருந்தும். வத்தலை உள்ளதைவிடச் சிவப்பாகக் காட்டும் ஆசை எழும். மூட்டையைப் பிரித்ததும் வியாபாரி விலையைக் குறைப்பார்.

ஒன்று மட்டும் இன்னும் நம் கைக்கு அடங்கவில்லை. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் ஆவது. திரையில் துலங்கும் கிளிப்பச்சையும் மயில்கழுத்தும் தாளில் மங்கியே தீரும். ஆதலால் மாதிரித் தாள் ஒன்று அச்சிட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் சேலைகளோடு ஒப்பிட்டோம். ஏழு சேலைகள் ஒத்துவரவில்லை. அவற்றின் படத்துக்குப் பக்கத்தில் கட்டம் ஒன்றை வெறுமையாக விடச் சொல்லி, புத்தகம் வந்தபின் நெசவாளர் வீட்டுப் பெண்கள் அக்கட்டங்களில் தறியில் மிஞ்சிய துணித்துண்டுகளை ஒட்டித் தந்தனர்.