புதிதாய் வந்த செம்பருத்தி

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு உறவினர் ஒருவர் செம்பருத்திச் செடி வாங்கி வருகிறார். கிளைகளில் நான்கைந்து மொட்டுகள். மூன்றாம் நாள் அவை விரியாமலே உதிர்கின்றன; அடியிலைகள் மஞ்சளாகின்றன. உடல் நலிந்திருக்கும் வேளையில் இதைத் தீய குறியாக எண்ணிக் கலங்குவோர் உண்டு.

அது குறியன்று. நர்சரியின் நிழல்வலைக்கு அடியில், ஈரக்காற்றில் வளர்ந்த செடி, வண்டியில் குலுங்கி, வேறு வெயிலும் காற்றும் உள்ள மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இத்தகைய மாற்றத்தில் செம்பருத்தி முதலில் மொட்டுகளைத்தான் கைவிடும். தண்டு பசுமையாகவும் நுனிக் குருத்து உறுதியாகவும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்திருந்து, பிறகு சிறிது சிறிதாக முழு வெயிலுக்கு நகர்த்துங்கள். அதுவரை தொட்டி மாற்றமும் உரமும் வேண்டா.

இந்நாட்களில் செடியைக் கெடுப்பவை பெரும்பாலும் அன்பு மிகுந்த கைகளே. இலை வாடக் கண்டதும் நீர் ஊற்றுகிறோம். ஆனால், நர்சரிப் பையின் இறுகிய செம்மண்ணில் நீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை அவ்வாறே வாடும். எனவே, முதலில் மண்ணில் விரலை இரு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் நீர் வேண்டா. காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள்.

இங்கு விரல் என்றது பராமரிப்பாளரின் விரலை. கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்றத்திற்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் மண்ணைக் கையாளலாகாது. மக்கிய உரத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை இயல்பாகவே வாழ்கிறது. நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத அதன் நுண்வித்துகள், எதிர்ப்பாற்றல் குன்றியவரின் நுரையீரலைத் தாக்கவல்லவை. எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவுகளில் பூந்தொட்டிகளைத் தவிர்ப்பதும் இதனாலேயே; ஆசையோடு கொண்டுவந்த தொட்டியுடன் திரும்ப நேரும் உறவினரின் வருத்தத்தை நாம் அறிவோம். நீரிழிவு உடையோருக்கு வேறோர் எச்சரிக்கை: மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியா மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழ்கிறது. கையுறையும் மூடிய காலணியும் இன்றி மண்வேலை செய்யாதீர்கள். புண் இருந்தால் அன்று அவ்வேலையைத் தவிருங்கள். பின்னர்க் காய்ச்சல் கண்டால், மண்ணில் வேலை செய்ததையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

செடி புதுத்துளிர் விட்ட பின்பு, சற்றே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வேர்க்கட்டியைச் சிதைக்காமல் பையைக் கிழித்தெடுங்கள். உர மூட்டையை வெளியில் வைத்துப் பிரித்து, தூசி பறவாதவாறு நீர் தெளித்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் அணிவது நன்று. அடித்தட்டில் நீர் நிற்கவிடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வறட்சியைத் தாங்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

மண்ணைத் தொடாதவருக்கும் ஒரு பணி உண்டு. நாற்காலியில் அமர்ந்தவாறே கிளைநுனிகளைக் கவனிப்பதே அது. வெண்பஞ்சு போல் ஏதேனும் தென்பட்டால் அது மாவுப்பூச்சி. சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைக்குமாறு வீட்டாரிடம் கூறலாம். செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரு பகல்தான் விரிந்திருக்கும். நாளை மலரப்போவது எது என்பதை முந்தைய மாலையே சொல்லிவிடலாம்: அந்த மொட்டு நீண்டு, நுனியில் இதழின் நிறம் எட்டிப்பார்க்கும்.