பெரிய கிணற்றைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்

வரவேண்டிய கடனையெல்லாம் கையிருப்பாக எழுதிக்கொண்டு சரக்கெடுக்கும் வியாபாரி அதிக நாள் கடை நடத்த மாட்டார். ஆனால் ஊரின் நீர் விநியோகம் பற்றிப் பேசும்போது நாம் இதைத்தான் செய்கிறோம். எத்தனை கிணறு, ஒவ்வொன்றிலும் எத்தனை லீற்றர் என்று கூட்டிச் சொல்லித் திருப்திப்பட்டுக் கொள்கிறோம்.

நீர் வழங்கல் பொறியியலில் ஓர் எளிய விதி உண்டு. மிகப் பெரிய கிணறு ஓடவில்லை என்று வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கணக்கிட வேண்டும். அந்த மிச்சம், வருடத்தில் ஆகக் கூடுதலாக நீர் தேவைப்படும் நாளுக்குப் போதுமாக இருக்க வேண்டும்.

உதாரணமாக, ஓர் ஊருக்கு ஐந்து கிணறுகள். நான்கு கிணறுகள் நாளொன்றுக்குத் தலா 1 இலட்சம் லீற்றரும், பெரியது 2 இலட்சமும் தருகின்றன. மொத்தம் 6 இலட்சம். சராசரித் தேவை 4 இலட்சம் என்றால் காகிதத்தில் 2 இலட்சம் மிச்சம். ஆனால் பெருநாளுக்கு முந்திய வெயில் நாளில் தேவை 5 இலட்சமாகிறது. அன்று பெரிய கிணற்றின் மோட்டர் எரிந்தால் 1 இலட்சம் குறை. பேக்கரியில் மா பிசைய நீரில்லை. பள்ளிவாசல் ஹவுழ் வற்றுகிறது. பௌஸர்காரர் சொல்வதுதான் விலை.

'மற்றக் கிணறுகளில் கூடுதலாக இறைத்தால் போகிறது' என்பார்கள். காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர் போன்ற கரையோர மணல் நிலத்தில் இது ஆபத்து. அங்கே நன்னீர், உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி இருந்தால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறத் தொடங்கும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைச் சுத்தம் செய்வதற்காக மோட்டர் வைத்து அளவுமீறி இறைத்த இடங்களில் இதுதான் நடந்தது.

மாற்று ஏற்பாடு என்றால் அதே நிலத்தில் இன்னொரு கிணறு தோண்டுவது மட்டுமல்ல. குளத்து நீர் போன்ற வேறொரு மூலம், உயரத்தில் ஒரு நீர்த்தாங்கி, மின்பிறப்பாக்கி, அதற்கு எரிபொருள் ஆகிய எல்லாம் வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் மின்சாரமின்றி நின்றதை நாம் கண்டோம். கிணறு நிறைய நீர் இருந்தாலும் மின்சாரமில்லாமல் மோட்டர் ஓடாது.

குழாய்நீர் வந்ததும் வீட்டுக் கிணற்றை மூடிக் கட்டடம் எழுப்புவோரும் சிந்திக்க வேண்டும். குடிக்க உதவாவிட்டாலும் கழுவவும் தீயணைக்கவும் அது உதவும்.

அடுத்த முறை ஊர்க் கூட்டத்தில் மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். பெரிய கிணறு நின்றால் எத்தனை லீற்றர், மின்சாரம் நின்றால் எத்தனை மணித்தியாலம் என்று கேளுங்கள். செழிப்பான ஏழு வருடங்களில் பஞ்சத்துக்காகச் சேமிக்கச் சொன்ன யூஸுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஓதும் சமூகத்துக்கு இந்தக் கேள்விகள் புதியவையல்ல.